எண் பார்த்து வந்த நோய்

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அதோடு விடவில்லை, வெளியிலிருந்து யாரோ கதவிடுக்கெல்லாம் டேப் ஒட்டுகிற சரக் சரக் சத்தமும் கேட்டது.

“அண்ணி, நம்மள பார்சல் கட்டறாங்க,” என்றான் கொழுந்தன்.

அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துப்பறிவதில் பேர் வாங்கிய அந்த அம்மாளை ஊரே அண்ணி என்றுதான் கூப்பிடும். கூடவே அலையும் கணவரின் தம்பி நாளுக்கு நூறு தரம் ‘அண்ணி, அண்ணி’ என்று கத்திக் கத்தி, கேஸ் கொடுக்க வருகிறவர்களில் தொடங்கி மாட்டிக்கொண்ட திருடர்கள் வரை எல்லாருக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். இவன் எல்லாருக்கும் கொழுந்தன்.

“அஞ்சு மணி வரைக்கும் இங்கேருந்து யாரும் வெளியே போக முடியாது,” என்றார் எதிரே நின்றவர். செருப்புக்கு நீல பிளாஸ்டிக் உறை, தலைக்கு ஒரு உறை, கையில் கிளிப் போட்ட அட்டை. பயிர் நோய்த் தடுப்பு அதிகாரி. “செடியை எரிச்சு முடிச்சதும் உங்களையெல்லாம் மருந்துத் தண்ணியில குளிக்க வச்சு, வேற துணி கொடுத்து அனுப்புவோம்.”

“என்ன சைஸ் சார் இருக்கு? எனக்கு இடுப்பு கொஞ்சம் தாராளம்,” என்றான் கொழுந்தன்.

“நாங்க துப்பறிய வந்தவங்க,” என்றார் அண்ணி. “எங்களுக்குமா இது?”

“உள்ளே வந்துட்டீங்க இல்ல? துப்பறியறவங்களுக்குன்னு ரூல்ல தனிக் கதவு கிடையாதும்மா. மெஷின் நோய் இருக்குன்னு சொல்லிட்டா, அந்தப் பொருள் இந்தக் கதவைத் தாண்டக் கூடாது. அதைத் தொட்டவங்களும் சும்மா தாண்டக் கூடாது.”

அந்த அறை ஒரு சின்ன லாரியின் பின்பக்கம் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் இப்போது அடைத்த கதவு, அதில் பொருள் வாங்கக் கொடுக்க ஒரு சின்னத் துவாரம். எதிர்ப்பக்கம் கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் பசுமைக்குடில். நடுவில் ஒரு மேஜை, கை கழுவும் தொட்டி, ஒரு ஃபிரீஸர், நாற்காலி மூன்று. ஆள் ஐந்து. ஜன்னல் என்று ஒன்று இருந்தது, ஆனால் அது திறக்கிற ஜாதி இல்லை. அதன் வழியே பார்த்தால் புல்தரையில் இரண்டு பேர் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நெருப்பு ஊதும் குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை அக்கறையாகத் துடைத்தார்கள்.

மணி பதினொன்றரை.

“அண்ணி, நீங்கதான் எப்படியாவது...” என்று கையைப் பிடித்துக்கொண்டார் தக்காளி டாக்டர். இந்த அம்மாள்தான் போன் பண்ணி வரவழைத்தவர். உண்மையில் செடி ஆராய்ச்சி செய்கிறவர். பதினோரு வருஷமாகத் தக்காளியைத் தவிர வேறு பேச்சே கிடையாது என்பதால் வந்த பேர். “அதோ பாருங்க, இருபத்துநாலு தொட்டி. இலைச்சுருட்டை வைரஸ் வந்தா ஒரு வயல்ல ஒரு தக்காளி தேறாது. அதை எதிர்த்து நிக்கிற செடி இது மட்டும்தான். பதினோரு வருஷம் ஒட்டுச் சேர்த்து, பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தேன். விதை முத்த இன்னும் மூணு வாரம் வேணும். இன்னிக்கு எரிச்சா கையில ஒரு விதை மிஞ்சாது.”

கண்ணாடிக்கு அப்பால் செடிகள் ஆளுயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நின்றன. பச்சைக் காய்கள் கொத்துக் கொத்தாய்த் தொங்கின. ஒரு இலைகூடச் சுருளவில்லை.

“நல்லாத்தானே இருக்கு?” என்றான் கொழுந்தன்.

“இலை சுருள ரெண்டு வாரம், மூணு வாரம் ஆகும்,” என்றார் அதிகாரி. “அதுக்குள்ளே உள்ளே குடியேறியிருக்கும். எதிர்த்து நிக்கிற செடிக்குள்ளேயே வைரஸ் புகுந்துடுச்சுன்னா அது சாதாரண விஷயமா? வெளியே போச்சுன்னா ஊர்ல மிச்சம் ஒண்ணும் இருக்காது. நேத்து மெஷின் இருபத்துநாலுலயும் இருக்குன்னு சொல்லிடுச்சு. அஞ்சு மணிக்கு இந்த உத்தரவை அவங்க கையில கொடுப்பேன், பத்தவைப்பாங்க. எனக்கு மட்டும் ஆசையாம்மா?” அட்டையில் கிளிப்புக்கு அடியில் இருந்த மஞ்சள் தாளைத் தட்டிக் காட்டினார்.

“எது அந்த மெஷின்?”

மேஜை மூலையில் நின்ற பெண் அதைக் காட்டினாள். ஷேவிங் செட் டப்பா அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி, லேப்டாப்பில் செருகியிருந்தது.

“இதா? நான் சார்ஜர்னு நெனச்சேன்,” என்றான் கொழுந்தன்.

“செடியோ கிருமியோ, அதோட மரபணுவை இது எழுத்தெழுத்தா வாசிக்கும்,” என்றாள் அவள். “இந்த வைரஸுக்கு ரெண்டாயிரத்து எழுநூத்துச் சொச்சம் எழுத்து. யாருன்னு கண்டுபிடிக்க அது போதும்.”

“நீ யாரும்மா?”

அவள் பதில் சொல்வதற்குள் தக்காளி டாக்டர் முந்திக்கொண்டார். “என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. லேப் வேலையெல்லாம் இவதான். நான்தான் கூட்டிட்டு வந்து வேலையில சேர்த்தேன், என் புத்தியைச் சொல்லணும்! அந்த வைரஸ் எங்கேருந்து வந்துச்சுன்னு கேளுங்கண்ணி இவகிட்ட.”

“நீங்களே சொல்லுங்க.”

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வயல்லேருந்து எடுத்த வைரஸ், அதோ ஃபிரீஸர்ல இருக்கு. செடியில இப்போ கிடைச்சதும் அதுவும் ஒண்ணு. ஒரு எழுத்துகூட மாறலை.”

அண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். “மாறியிருக்கணுமா?”

“பின்னே? வயல்ல திரியற வைரஸ் செடிக்குச் செடி தாவும்போது அங்கே ஒண்ணு இங்கே ஒண்ணுன்னு எழுத்து மாறிக்கிட்டே போகும். ரெண்டு வருஷத்துல அச்சு அசலா அப்படியே இருக்குன்னா, அது வெளியே திரியவே இல்லை. பனியில தூங்கிட்டு இருந்திருக்கு. அந்த ஃபிரீஸர் சாவி ரெண்டே பேர்கிட்டதான். ஒண்ணு நான். இன்னொண்ணு இவ.”

எல்லார் கண்ணும் ஓரகத்தி பக்கம் திரும்பியது.

“எடுத்தேன்,” என்றாள் ஓரகத்தி. “நேத்துக் காலையில அந்தச் சீசாவை நான்தான் எடுத்தேன்.”

“பார்த்தீங்களா!”

“திருடன் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டா நம்ம பொழப்பு என்ன அண்ணி ஆகறது?” என்றான் கொழுந்தன். “சாயங்காலம் வரைக்கும் வேற அடைச்சுப் போட்டிருக்காங்க.”

“நீ கொஞ்சம் வாயை மூடு. எதுக்கும்மா எடுத்தே?”

“மெஷினுக்குக் கண்ணு தெரியுதான்னு பார்க்க. நோய் இருக்குன்னு நமக்கே தெரிஞ்ச சாம்பிளை முதல்ல ஓட்டணும். அதுல இருக்குன்னு சொன்னாத்தான் மத்ததை நம்பலாம். எப்பவும் செய்யறதுதான், இவங்களுக்கே தெரியும்.”

“மிச்சத்தைக் கொண்டுபோய்ச் செடிக்குத் தடவினியா?”

“என் குழந்தை மேல சத்தியமா இல்லை.”

“எப்படித் தடவ முடியும்?” என்று அண்ணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கண்ணாடிச் சுவரில் மூக்கு படுகிற மாதிரி நின்றார். குடிலுக்குள் மஞ்சள் நிறத்தில் பசை அட்டைகள் தொங்கின. “இந்த அட்டை எதுக்கு?”

“வெள்ளை ஈ மாட்டறதுக்கு. வைரஸைத் தூக்கிட்டு வர்றதே அந்த ஈதான்,” என்றார் தக்காளி டாக்டர்.

“ஒரு ஈகூட மாட்டலையே.”

“அதான் எனக்கும்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அண்ணி நேற்றைய ரிசல்ட் தாளைக் கேட்டு வாங்கினார். எழுத்தெல்லாம் அவருக்கு வேண்டாம். ஓரத்தில் இருந்த ஒரு வரிசை எண்ணைத்தான் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “இது என்ன?”

“ஒவ்வொரு தொட்டி இலையிலயும் வைரஸோட துண்டு எத்தனை கிடைச்சுதுன்னு.”

“ஒண்ணாம் நம்பர் தொட்டியில ஒன்பதாயிரம். ரெண்டுல ஆறாயிரத்து எழுநூறு. மூணுல நாலாயிரத்துச் சொச்சம். அப்புறம் இறங்கு முகம்தான். இருபத்துநாலுல நாப்பத்தி ஒண்ணு.” அண்ணி மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்பினார். “அங்கே வாசல்கிட்ட முதல்ல நிக்கிற தொட்டி பதினேழு. அதுக்குப் பக்கத்துல நாலு. அப்புறம் இருபத்தி ரெண்டு. ஏன் இப்படிக் குலுக்கிப் போட்டு வச்சிருக்கு?”

“வாரா வாரம் இடம் மாத்தி வைப்போம். எல்லாத்துக்கும் வெளிச்சம் சமமாக் கிடைக்கணும் இல்ல?”

“அப்போ ஒண்ணாம் நம்பரும் ரெண்டாம் நம்பரும்?”

“இது இந்தக் கோடி, அது அந்தக் கோடி.”

கொழுந்தன் எட்டிப் பார்த்தான். “அண்ணி, நோய்னா பக்கத்து வீட்டுக்குத்தானே முதல்ல போகும்? இது என்னமோ ரேஷன் கடை மாதிரி டோக்கன் நம்பர் பார்த்துப் போயிருக்கு!”

அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் எதையோ சரியாகச் சொல்லிவிட்டான் என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“ஏம்மா, எந்த வரிசையில இலையை அரைச்சே?”

“ஒண்ணுலேருந்து இருபத்துநாலு வரைக்கும் வரிசையா.”

“எதுல?”

ஓரகத்தி கை கழுவும் தொட்டியருகே கவிழ்த்திருந்த வெள்ளைப் பீங்கான் உரலையும் குழவியையும் காட்டினாள். மருந்து இடிக்கிற மாதிரிச் சின்ன உரல். “ஒவ்வொண்ணு அரைச்சதும் ஸ்பிரிட் விட்டுக் கழுவித் துடைச்சுடுவேன். உரல் சுத்தமான்னு பார்க்க, வெறும் தண்ணியையும் ஊத்தி அரைச்சு மெஷின்ல விட்டேன். சுத்தமாத்தான் வந்துச்சு.”

“வெறும் தண்ணியை எப்போ விட்டே?”

“எல்லாத்துக்கும் முன்னாடி. முதல் வேலையா. அப்புறம் ஃபிரீஸர் சீசாவுல இருந்த இலையை அரைச்சேன், அதுக்கப்புறம்தான் இந்தச் செடிங்க.”

“விருந்தாளி சாப்பிடறதுக்கு முன்னாடி வாழையிலையைப் பார்த்துட்டு சுத்தமா இருக்குன்னு சொல்ற மாதிரி,” என்றான் கொழுந்தன்.

அண்ணி நிமிர்ந்தார். “மெஷின் எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“ரெண்டரை மணி நேரம்.”

“நான் மூணு பொட்டலம் தர்றேன். நேத்து எப்படிச் செஞ்சியோ அப்படியே செய். முதல்ல ஃபிரீஸர் சாம்பிளை அரைச்சுக் கழுவு. அப்புறம் என்னோடதை ஒண்ணொண்ணா. அதே உரல், அதே ஸ்பிரிட்டு, அதே கழுவல். பொட்டலத்துல என்னன்னு கேக்காதே.”

“இதெல்லாம் ரூல்ல...” என்று அதிகாரி எழுந்தார்.

“தடுக்கணும்னு இருக்கா சார்?”

அதிகாரி யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். “இல்லை,” என்று உட்கார்ந்துவிட்டார். அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, தொட்டியில் போய் முகம் கழுவினார். அந்த அறையில் அத்தனை புழுக்கம்.

அண்ணி எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கத்தரிக்கோலால் என்னத்தையோ பொடிப் பொடியாக நறுக்கினார். முதல் பொட்டலத்தைப் பிரித்த ஓரகத்தி கண்ணை அகல விரித்தாள். அண்ணி உதட்டில் விரலை வைத்தார். அவள் பேசாமல் அரைத்தாள்.

அப்புறம் காத்திருப்புதான். அடைத்து வைத்த இடத்தில் நேரம் நகர்வது இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மூன்று நாற்காலியை ஐந்து பேர் முறை வைத்து உட்கார்ந்தார்கள். தக்காளி டாக்டரும் ஓரகத்தியும் ஒரே நேரத்தில் உட்காராமல் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி எழுந்தால்தான் இன்னொருத்தி. கொழுந்தன் சுவருக்குச் சுவர் நடந்து பார்த்தான், ஆறு அடி. திரும்ப நடந்தான், அப்போதும் ஆறு அடிதான். வெளியே அந்த இருவரும் குழாயை ஒரு தடவை பற்றவைத்து, நீலமாய்ச் சீறியதும் அணைத்தார்கள். தக்காளி டாக்டர் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே திரும்பாமல் நின்றார்.

“ஒத்திகை பார்க்கறாங்க,” என்று சொல்ல வாய் திறந்த கொழுந்தன், அவர் முதுகைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

மூன்றே காலுக்கு லேப்டாப் டிங் என்றது.

ஓரகத்தி குனிந்து படித்தாள். “மூணுலயும் இருக்கு. இலைச்சுருட்டை வைரஸ். ஃபிரீஸர்ல இருக்கிறதேதான், எழுத்து மாறாம.”

“அப்போ எந்தச் சந்தேகமும் வேண்டாம்,” என்றார் அதிகாரி கவலையோடு. “எந்தத் தொட்டியோட இலைம்மா அது?”

“ஒண்ணாம் பொட்டலம் நான் வந்த பஸ்ஸோட டிக்கெட்டு,” என்றார் அண்ணி.

ஓரகத்தி ஆமாம் என்று தலையாட்டினாள்.

“ரெண்டாம் பொட்டலம் இவன் கைக்குட்டையோட ஓரம்.”

“ஐயோ, எனக்குத் தக்காளி நோயா?” கொழுந்தன் தன் காது மடலைத் தடவிப் பார்த்தான். “சுருளுதா பாருங்க அண்ணி!”

“மூணாவது,” அண்ணி மேஜைமேல் இருந்த அட்டையை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார், “இது.”

மஞ்சள் தாளின் கீழ் மூலை, ஒரு விரல் அகலத்துக்குக் கத்தரித்திருந்தது.

“என் உத்தரவையா வெட்டினீங்க?”

“மன்னிச்சுக்கோங்க சார். ஆனா மெஷின் சொல்லிடுச்சே. உங்க உத்தரவுக்கு நோய் இருக்கு.”

அதிகாரி தாளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

“நோய் செடியில இல்லை சார். உரல்ல. முதல்ல அரைச்ச ஃபிரீஸர் சரக்கு உரல்லயே ஒட்டிக்கிட்டு, அரைக்க அரைக்கக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சிருக்கு. அதான் ஒண்ணுல ஒன்பதாயிரம், கடைசியில நாப்பத்தி ஒண்ணு. செடி எங்கே நிக்குதுன்னு அது பார்க்கலை, எந்த வரிசையில அரைச்சாங்கன்னுதான் பார்த்திருக்கு. அந்த உரல்ல எதை இடிச்சாலும் நோய்தான் வரும்.”

“எனக்குப் புரியுதும்மா,” என்றார் அதிகாரி மெதுவாக. “ஆனா எனக்குப் புரிஞ்சா போதாதே. கையெழுத்துப் போட்ட உத்தரவு. ரத்து பண்ற அதிகாரம் எனக்குக் கிடையாது.”

“ரத்து பண்ணவே வேண்டாம். நீங்க சொன்ன ரூல்தான். மெஷின் நோய் இருக்குன்னு சொன்ன பொருள்...”

“...இந்தக் கதவைத் தாண்டக் கூடாது.” அதிகாரியின் வாய் தானாக முடித்தது. அப்புறம் அந்த வாய் மூட மறந்துவிட்டது.

“கையில வாங்கினாத்தானே அவங்க பத்தவைப்பாங்க? தாள் வெளியே போகாதே. நம்மளோட சேர்ந்து அதுவும் உள்ளே மாட்டிக்கிச்சு.”

“வேற தாள்ல எழுதிட்டா?” என்றான் கொழுந்தன், யார் பக்கம் இருக்கிறோம் என்பதை மறந்து.

“தாராளமா எழுதட்டும். அதையும் அரைச்சுப் பார்ப்போம்.”

அதிகாரி சிரித்ததை அந்த அறை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது. போனை எடுத்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருவரில் ஒருவர் காதில் போனை வைத்துக்கொண்டு, அதிகாரியையே முறைத்தபடி அவர் சொன்னதைக் கேட்டார். “உத்தரவு வெளியே வர முடியாதுப்பா. ஆமா, காகிதத்துக்குத்தான். காகிதத்துக்குத்தான்யா நோய். நீ கிளம்பு, நான் எழுதி அனுப்பறேன்.” போனை வைத்துவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினார். “இலையைப் புதுப் பையில போட்டு ஒட்டி வேற லேபுக்கு அனுப்பறேன், சீல் வச்ச சாம்பிளுக்கு மட்டும் ரூல்ல வழி உண்டு. நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் ஒரு செடியையும் தொட மாட்டாங்க. நாமளும் வெளியே போக முடியாது.”

“நாலு நாளா?” கொழுந்தன் மூன்று நாற்காலியையும் எண்ணினான். எண்ணிக்கை கூடவில்லை.

தக்காளி டாக்டர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. அப்படியே நாற்காலியில் சரிந்தவர், சட்டென்று நிமிர்ந்தார். விஞ்ஞான மூளை விழித்துக்கொண்டது. “ஸ்பிரிட் எப்படிப் போதும்? வைரஸ் சாகும், ஆனா அதோட எழுத்து அழியாதே! மெஷின் தேடறது எழுத்தைத்தான். பிளீச்சிங் தண்ணியில ஊறப் போட்டாத்தான் அழியும். அதானே முறை? ஏன்டி போடலை?”

ஓரகத்தி அண்ணியைப் பார்த்தாள்.

“சொல்லும்மா,” என்றார் அண்ணி. “நானும் அதைத்தான் தேடினேன். இந்த அறையில ஒரு பாட்டில்கூட இல்லை.”

“நீங்கதான் அக்கா வேண்டாம்னீங்க. போன மாசம். அந்த வாடை குடிலுக்குள்ளே போய் இளங்கொழுந்தெல்லாம் கருகுதுன்னு, இருந்த பாட்டிலையெல்லாம் தூக்கி வெளியே வைக்கச் சொன்னீங்க. ஸ்பிரிட் போதும்னீங்க.”

தக்காளி டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“இதை நேத்தே சொல்லியிருக்கலாமே...”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க கேக்கலை. திருடின்னுதான் சொன்னீங்க. அத்தைக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கீங்க. வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.”

அதிகாரி தொண்டையைச் செருமினார். புதுத் தாள் ஒன்றை மேஜையில் விரித்திருந்தார். “தப்பு நடந்ததுக்கு யார் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பாம அனுப்ப முடியாது.”

“என் பேரை எழுதுங்க சார். கழுவினது நான்தானே,” என்றாள் ஓரகத்தி.

“அவ பேரை எழுதாதீங்க.”

தக்காளி டாக்டர் பேனாவை அதிகாரி கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினார். கட்டத்தில் தன் பேரை எழுதினார். கட்டம் போதாமல் ஓரத்தில், ‘பிளீச்சிங் தண்ணீரை நிறுத்தச் சொன்னது நான். என் ஓரகத்தி மேல் எந்தத் தவறும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் போனை எடுத்து மாமியார் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேஜை நடுவில் வைத்தார்.

“கண்டுபிடிச்சாச்சு அத்தை. நான்தான்.”

“என்னது நீதான்?” என்றது போன்.

“எல்லாம் நான்தான். அவ ஒண்ணும் பண்ணலை. காலையில சொன்னேனே, அதை யார் யார்கிட்ட சொன்னீங்களோ அவங்ககிட்டயெல்லாம் திருப்பிச் சொல்லிடுங்க.”

“அடிப்பாவி, நான் நம்பவே இல்லைடி! பக்கத்து வீட்டுல மட்டும்தான் சொன்னேன். உங்க சின்ன மாமனார் வீட்டுல. அப்புறம் அந்தத் தையல்காரிகிட்ட...”

கொழுந்தன் அண்ணியின் காதருகே குனிந்தான். “நம்மளைக் கூப்பிட்டவங்களையே பிடிச்சுட்டோமே, ஃபீஸ் தருவாங்களா?”

“சத்தம் போடாதே.”

நாலரைக்கு, பொருள் வாங்கும் சின்னத் துவாரம் வழியாக யாரோ ஒரு பிளீச்சிங் பாட்டிலை உள்ளே தள்ளினார்கள். தக்காளி டாக்டர் முழங்கை வரை சட்டைக் கையை மடித்துவிட்டு உரலைத் தொட்டியில் போட்டு, ஒரு மூடி ஊற்றி, பரபரவென்று தேய்த்தார். வாடை அந்தச் சின்ன அறையை நிறைத்தது. மூக்கை யாரும் பொத்தவில்லை. வெளியே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அவர் தலையைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டேயிருந்தார்.

ஓரகத்தி கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் பொறுக்க முடியாமல் பக்கத்தில் வந்து இடுப்பால் இடித்தாள்.

“தள்ளுங்கக்கா. குழவியோட அடியை விட்டுட்டீங்க. இப்படிக் கழுவினா நாளைக்கு இந்தச் சுவருக்கும் நோய்னு வரும்.”